குடிக்காமல் வைத்த கஹ்வா

மசீராத் தீவில் மீன் கம்பெனியின் ஃப்ரீஸர் கம்ப்ரஸர் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஓட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு மதியப் படகிலேயே நான் கரைக்குக் கிளம்பியிருக்க வேண்டும். கிளம்பவில்லை. அதற்குப் பிறகு பட்ட பாடு எல்லாம் அந்த ஒரு சோம்பலால் வந்தது.

ஷார்ஜாவில் குளிர்பதன இயந்திரங்கள் பழுது பார்க்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஓமன் எல்லை தாண்டி, பாலைவனம் தாண்டி, கடலும் தாண்டி அந்தத் தீவுக்கு என்னை அனுப்பியிருந்தார்கள். மசீராவில் காற்று ஓயவே ஓயாது. சட்டையைக் காயப் போட்டால் திரும்பப் போய்த் தேடித்தான் எடுக்க வேண்டும். மீன் கம்பெனி மானேஜர் பாலக்காட்டுக்காரர், தமிழ் பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் என்னை விடவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு ஆமை பாக்காமப் போவாங்களா சாரே?" என்றார். மதியம் நெய்மீன் வறுவலும் சோறும் போட்டார். சாயங்காலம் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். ஆமை வரவில்லை. ஒரு நாள் போனது.

போனால் என்ன என்றுதான் நினைத்தேன். என் கணக்கில் வியாழக்கிழமை மத்தியானம் வரைக்கும் நேரம் இருந்தது.

என்ன கணக்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் தம்பி சரவணன், அதே ஓமனில், மலையடிவாரத்து ஊரான நிஸ்வாவில், வீட்டு வரவேற்பறைகளுக்கு மெத்தையும் திண்டும் தைக்கும் கடையில் கட்டிங் மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடியில் அவனுக்குக் கல்யாணம். வெள்ளிக்கிழமை ராத்திரி மஸ்கட்டிலிருந்து விமானம். டிக்கெட், பெட்டி, பட்டு வேட்டி எல்லாம் தயார். பாஸ்போர்ட் மட்டும் அவன் கையில் இல்லை. அது கஃபீல், அதாவது அவனுக்கு விசா கொடுத்த கடை முதலாளி ஹமத்திடம் இருந்தது. சட்டப்படி அப்படி வைத்திருக்கக் கூடாது என்பார்கள். ஆனால் அப்போதெல்லாம் எங்களில் பாதிப் பேர் பாஸ்போர்ட் யாராவது ஒருவருடைய இரும்புப் பெட்டியில்தான் தூங்கும்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஹமத், "பெரிய ஆர்டர் ஒன்று இருக்கிறது, ஒரு வாரம் தள்ளிப் போயேன்" என்று கேட்டிருக்கிறார். முகூர்த்தத்தை எப்படித் தள்ளுவது? தம்பி எனக்கு போன் செய்தான். நான் ஷார்ஜாவில் உட்கார்ந்துகொண்டு பெரிய வக்கீல் மாதிரி, "லேபர் ஆபீஸுக்குப் போவேன்னு ஒரு வார்த்தை சொல்லுடா, தன்னால வழிக்கு வருவாரு" என்றேன். அவனும் அப்படியே போய்ச் சொல்லிவிட்டான்.

ஹமத் கத்தவில்லை. "லீவு கொடுத்தாச்சு. ஆனால் பாஸ்போர்ட்டை உன் கையில் தரமாட்டேன். உன் வீட்டுப் பெரியவர் யாராவது வரட்டும், அவர் கையில் தருகிறேன்" என்று மட்டும் சொன்னாராம். எங்களுக்கு அப்பா இல்லை. பெரியவர் என்றால் நான்தான். எனக்கோ கல்யாணத்துக்கே லீவு இல்லை, அம்மாவின் கண் ஆபரேஷனுக்குப் போய் அதைத் தீர்த்துவிட்டிருந்தேன். இந்த நிலைமையில் மசீரா வேலை வந்தது பிள்ளையார் செயல் என்று நினைத்துக்கொண்டேன்.

ஹமத்துக்கு நானே போன் போட்டு ஹிந்தியில் பேசினேன். மரியாதையாகத்தான் பேசினார். "வாரத்தின் கடைசி வேலை நாளில், மதியத் தொழுகைக்குப் பிறகு கடையில் இருப்பேன். வாருங்கள்" என்றார். உடனே தம்பியைக் கூப்பிட்டேன். "பேசிட்டேன். வியாழக்கிழமை வரேன்."

"வியாழனா?" என்று இழுத்தான்.

"நீ வாயைத் தொறந்த லட்சணம் போதும். பெட்டியைக் கட்டு" என்று போனை வைத்துவிட்டேன்.

புதன்கிழமை. மசீராப் படகுக்கு நேரம் காலம் கிடையாது. வண்டிகள் நிறைய வேண்டும், கடலில் தண்ணீரும் ஏற வேண்டும். பத்து மணிக்கு ஏறி உட்கார்ந்தேன். ஒரு தண்ணீர் லாரி, நாலைந்து பிக்கப், மீன் பெட்டிகள், ஆட்கள். பன்னிரண்டரைக்குக் கிளம்பியது. அக்கரை கோடு மாதிரி தெரிய ஆரம்பித்த இடத்தில் அடியில் சரசரவென்று ஒரு சத்தம் கேட்டது. படகு நின்றுவிட்டது. மணல் திட்டு. இன்ஜினை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்துவிட்டு, படகுக்காரர் தலைத்துண்டை அவிழ்த்து உதறிப் பழையபடி கட்டிக்கொண்டு பாயில் சாய்ந்தார். "மோயா மாஃபி" என்றார். தண்ணீர் இல்லையாம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கடல்.

பக்கத்து பிக்கப்பிலிருந்து ஒருவர் சிரித்தார். "பொழுது சாயத் தண்ணி ஏறும் தம்பி. அதுவரைக்கும் அல்லா விட்ட வழி. வாங்க, சாப்பிடலாம்." கீழக்கரைக்காரர், பெயர் காதர். தீவுக் கடைகளுக்குச் சோப்பு, பிளாஸ்டிக் வாளி, பிள்ளைகளுக்கான சட்டை எல்லாம் போட்டுவிட்டு வருகிறார். தூக்குச் சட்டியில் மீன் ஆணமும் சோறும் வைத்திருந்தார்; குழம்பை அவர்கள் பக்கம் ஆணம் என்பார்கள். நான் பாதி சோற்றில் கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன அவசரம்?"

"நிஸ்வா போகணும் பாய். நாளைக்கு மத்தியானம் ஒருத்தரைப் பாக்கணும். கடைசி வேலை நாள்னு சொல்லியிருக்காரு."

"கடைசி வேலை நாள் இன்னைக்குல்ல?"

"இன்னைக்குப் புதன் பாய்."

"அதத்தான் சொல்றேன்." அவர் கையைக் கழுவிக்கொண்டே நிதானமாகச் சொன்னார். "ஷார்ஜாவுலேர்ந்து வர்றீங்க, அதான். அங்கன வெள்ளி சனின்னு மாத்திட்டாங்க. இங்கன இன்னும் வியாழன் வெள்ளிதான் லீவு. நம்ம மாதிரி கடைக்காரனுக்கு ஏது லீவு? ஆனா ஆபீஸ் வேலையில இருக்கிற ஓமானி, புதன் மதியத்தோட கலாஸ். சொந்த ஊருக்கு வண்டிய விட்டுருவான்."

 ஹமத் காலையில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலை பார்ப்பவர், கடை அவருக்கு மாலை நேரத்துக்குத்தான். அவர் சொன்ன கடைசி நாள் இதோ, இந்தப் புதன். இந்த நேரத்தில் அவர் கடையில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் கடல் நடுவில் மீன் ஆணம் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். செல்போனில் சிக்னல் இல்லை. ஷார்ஜாவில் வாரம் மாறி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் உலகத்துக்கே அதுதான் வாரம் என்று என் புத்தி முடிவு கட்டியிருந்தது. வராத ஆமைக்காக உட்கார்ந்திருந்தேனே என்று நினைக்க நினைக்க ஆத்திரமாக வந்தது.

அப்போதுதான் அந்த வேண்டுதல். கண்ணை மூடிக்கொண்டு ஊர்ப் பிள்ளையாரிடம் சொன்னேன்: "தம்பி பாஸ்போர்ட் என் கைக்கு வரும் வரைக்கும் காபியைத் தொடமாட்டேன்." எனக்குச் சோறில்லாமல் இருக்க முடியும். காபி இல்லாவிட்டால் பதினொரு மணிக்குத் தலை இரண்டாகப் பிளக்கும். கடவுளிடம் கொடுத்தால் வலிக்கிற பொருளைத்தானே கொடுக்க வேண்டும்? காதர் பாயிடம் சொன்னதற்கு, "டீ குடிக்கலாமா?" என்று கேட்டார். குடிக்கலாம் என்றேன். "நல்ல ஆளுதான்" என்று பிளாஸ்கிலிருந்து பால் விடாத சுலைமானி டீ ஊற்றிக் கொடுத்தார்.

இருட்டும் நேரத்தில் படகு தானாக அசைந்து மிதந்தது. கரையேறியதும் தம்பிக்கு போன் செய்தேன். "அவரு சாயங்காலம் வரைக்கும் காத்திருந்தாருண்ணே" என்றான். "பூட்டிட்டு மலை மேல இருக்கிற சொந்த ஊருக்குப் போயிட்டாரு. இது ரோஜா சீசன், பன்னீர் காய்ச்சுவாங்க. இனிமே சனிக்கிழமைதான் கடைக்கு வருவாரு."

சனிக்கிழமை மன்னார்குடியில் மாப்பிள்ளை அழைப்பு.

"முன்னாடியே சொல்றதுக்கென்னடா?" என்று கத்தினேன். கத்திய பிறகுதான் அன்றைக்கு அவன் "வியாழனா?" என்று இழுத்தது ஞாபகம் வந்தது. அவனை முடிக்க விடாமல் போனை வைத்தவன் நான்தான்.

வியாழன். விடியும்போதே காதர் பாய் தன் பிக்கப்பில் என்னை ஏற்றிக்கொண்டு போய், சினாவ் என்ற ஊரில் இறக்கிவிட்டார். அங்கே வியாழக்கிழமை சந்தை. முகமூடி போட்ட கிழவிகள் ஆடுகளை இழுத்துக்கொண்டு விலை பேசிக்கொண்டிருந்தார்கள். "துஆ செய்யிறேன் தம்பி. கல்யாணம் நல்லபடியா நடக்கும்" என்று பாய் என் கையைப் பிடித்துச் சொன்னார். பங்கு டாக்ஸியில் எனக்கு அடுத்த ஆள் மடியில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி. வழியெல்லாம் என் சட்டைக் கையைச் சப்பிக்கொண்டு வந்தது. மற்ற நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

தட்டையாகக் கிடந்த மண்ணுக்குப் பின்னால் மலை எழுந்தது. நம் ஊர் மலை மாதிரி பச்சை எதுவும் கிடையாது, மொட்டைப் பாறை. அடிவாரத்தில் மட்டும் பேரீச்சந்தோப்பு, நடுவில் உருண்டையான கோட்டை. கோட்டைப் பக்கம் தம்பி நின்றிருந்தான். இரண்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன். நலமா என்றுகூடக் கேட்காமல், "வண்டி பிடி" என்றேன்.

மலைப் பாதை ஆரம்பத்தில் போலீஸ் செக்போஸ்ட். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டிதான் மேலே போகலாமாம். எங்கள் டாக்ஸியைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். வெயிலில் ஒரு மணி நேரம் நின்றோம். கடைசியில் கேஸ் சிலிண்டர் ஏற்றிய பிக்கப் ஒன்று வந்தது. ஓட்டியவர் ஒரு பட்டாணியர். "ஜல்தி, ஜல்தி" என்று எங்களை உள்ளே திணித்துக்கொண்டார். ஒவ்வொரு வளைவிலும் பின்னால் சிலிண்டர்கள் ஒன்றோடொன்று மோதிக் கணீர் கணீர் என்றன. எனக்கு அந்தச் சத்தத்தைவிட வேறொரு பயம்தான் பெரிதாக இருந்தது. லேபர் ஆபீஸ் என்று மிரட்டச் சொன்னது யார் என்று ஹமத் கேட்டால்? தம்பி அப்பாவி, உண்மையைச் சொல்லிவிடுவான். பெரியவர் என்று வந்து நிற்கிற ஆளே வம்பை மூட்டிவிட்டவன் என்று தெரிந்தால் யார் பாஸ்போர்ட் தருவார்கள்? அவனிடம் "சொல்லாதேடா" என்று கேட்கவும் வாய் வரவில்லை.

தம்பி மெதுவாக, "அண்ணே, கஹ்வா குடுப்பாங்க. வேண்டாம்னு சொல்லக் கூடாது, வாங்கிக்கணும். போதும்னா கப்பை லேசா ஆட்டணும்" என்றான்.

கஹ்வாவும் காபிதானே? தலை ஏற்கெனவே விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தது. வேண்டுதலைப் பற்றி அவனிடம் சொன்னேன். அவன் என்னை ஒரு தினுசாகப் பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டான்.

மேலே வேறு ஊர். காற்று குளிர்ந்து, மலைச்சரிவில் படிப்படியாகத் தோட்டங்கள். ஒவ்வொரு வீட்டிலும் மண் அடுப்பில் ரோஜா இதழைக் காய்ச்சிப் பன்னீர் இறக்கிக்கொண்டிருந்தார்கள். விறகுப் புகையும் ரோஜாவும் கலந்த வாசனை. நம் கல்யாண வாசலில் தெளிக்கிற பன்னீர் நினைவுக்கு வந்ததும் அழுகை வரும்போலிருந்தது.

ஹமத் அறுபது வயதிருப்பார். கையெல்லாம் புகைக்கரி. எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டாலும் காட்டிக்கொள்ளவில்லை. கை கழுவி வந்து பாயில் உட்கார வைத்தார். பேரீச்சம்பழமும் பப்பாளித் துண்டும் வந்தன. என்ன சேதி என்று கேட்டார். எல்லாம் நலம் என்று சொல்ல வேண்டுமாம், சொன்னேன். கப்பல் முழுகினாலும் முதலில் நலம் என்றுதான் சொல்ல வேண்டும்போல.

நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர், நரைத்த தாடியோடு, கூஜாவை இடது கையில் பிடித்துக்கொண்டு நின்றபடியே கஹ்வா ஊற்றினார். "என் தம்பி" என்றார் ஹமத் ஹிந்தியில். "நான் இருக்கும்போது உட்காரமாட்டான்." அதில் குத்தல் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. இருந்த மாதிரிதான் பட்டது.

கப்பை வலது கையில் வாங்கினேன். ஏலக்காய் வாசனை மூக்கில் ஏறியது. குடிக்காமல் பாயில் எனக்கு முன்னால் வைத்தேன்.

 ஹமத் கப்பைப் பார்த்தார். அவர் தம்பி கூஜாவோடு அப்படியே நின்றார்.  நான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது. ஹமத் மெல்லிய குரலில் அரபியில் ஒன்று கேட்டார்.

"என்னடா, ஏன் குடிக்கலைன்னு கேக்குறாரா?"

"என்ன கேட்டு வந்திருக்கீங்கன்னு கேக்குறாரு."

மூன்று நாளாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்து வைத்திருந்த ஹிந்திப் பேச்சு ஒரு சொல்கூட வரவில்லை.  அப்போது சரவணன் பேச ஆரம்பித்தான்.

அவனுக்கு அரபி தெரியும் என்பது எனக்குத் தெரியும். இப்படித் தெரியும் என்று தெரியாது. தடங்கல் இல்லாமல், குரலை உயர்த்தாமல், பெரியவரின் முகத்தைப் பார்த்தும் பாராமலும், நிதானமாகப் பேசினான். ஊரில் கடைக்குப் போய் என்ன வாங்க வேண்டும் என்பதையே மூன்று தரம் சொல்லி அனுப்ப வேண்டிய பிள்ளை என்றுதான் இவனை இத்தனை நாள் நினைத்திருந்தேன். நடுவில் ஹமத் என்னைக் காட்டிச் சின்னதாக ஏதோ கேட்டார்.  தம்பி இல்லை என்று தலையாட்டி, தன் நெஞ்சைத் தொட்டான். இன்னொரு தரம் கேட்டார். மறுபடியும் நெஞ்சைத் தொட்டான்.

ஹமத் கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து ஹிந்தியில், "குடியுங்கள் பாய். நீங்கள் வந்த வேலை முடிந்தது" என்றார்.

"பாஸ்போர்ட்?"

"கடைப் பெட்டியில் இருக்கிறது. நாளைக்குத் தொழுகை முடிந்து கீழே வருகிறேன்."

பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. வேண்டுதல் அப்படியே நிற்கிறது. நான் கப்பையும் ஹமத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். தம்பி காதருகில், "குடிங்கண்ணே. குடிக்கலைன்னா அவரு வார்த்தையை நம்பலைன்னு அர்த்தம்" என்றான். பிள்ளையாரிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் குடித்தேன். ஆறிப் போயிருந்தது. பன்னீர் வாசனையோடு கசந்தது. அவர் தம்பி உடனே மறுபடி ஊற்றினார். கப்பை ஆட்ட வேண்டும் என்பது பதற்றத்தில் மறந்தே போய், நாலு கப் குடித்துவிட்டேன்.

திரும்பும்போது ஹமத்தின் தம்பியே தன் வண்டியில் கொண்டுவந்து விட்டார். பின் சீட்டில் சரவணன் சொன்னான்: "இங்க பெரிய வீடுகள்ல, ஏதாவது கேட்டு வந்தவன் கப்பைக் கீழ வச்சிருவான். தரேன்னு சொன்னாத்தான் குடிப்பான். பழைய பழக்கம். அது உங்களுக்குத் தெரியாதுன்னு நான் அவருகிட்ட சொல்லல."

வெள்ளிக்கிழமை. மஸ்கட் பஸ் சாயங்காலம் நாலரைக்கு. தொழுகை ஒரு மணிக்கு முடிந்துவிடும். பூட்டிய கடை வாசலில் பெட்டியோடு நின்றோம். ஒன்றரை. இரண்டு. தெருவில் ஈ காக்கை இல்லை. பிள்ளையாரிடம் சொன்ன சொல்லைக் காப்பாற்றாமல் நேற்றுக் குடித்த அந்த முதல் கப்பை நினைத்து நினைத்து எனக்கு வியர்த்தது. மூன்று மணிக்கு, "அவ்வளவுதான்டா, போச்சு" என்று சொல்லியே விட்டேன். தம்பி சுவரில் சாய்ந்து, "வருவாருண்ணே" என்றான். மூன்றே காலுக்கு வண்டி வந்தது.

ஹமத் பெட்டியைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து, சொன்னபடியே என் கையில் வைத்தார், தம்பி கையில் இல்லை. மணப்பெண்ணுக்கென்று ஒரு பாட்டில் பன்னீரும் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல் இரண்டு கையையும் கூப்பினேன். அவர் தன் கையை நெஞ்சில் வைத்துத் தலையசைத்தார்.

பஸ் நிறுத்தத்தில்தான் எனக்கு மூச்சு வந்தது. பாஸ்போர்ட்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டுக் கேட்டேன். "நேத்து ரெண்டு தரம் என்னைக் காட்டி என்னடா கேட்டாரு?"

சட்டைப் பைக்குள் பாஸ்போர்ட்டை வைத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். "லேபர் ஆபீஸ் பேச்சை உனக்குச் சொல்லிக் குடுத்தது யாரு, இவரான்னு கேட்டாரு."

"நீ?"

"இல்ல, என் வாய்தான்னேன். என் அண்ணன் அந்த மாதிரி ஆளு இல்லன்னேன்."

பஸ் வந்துவிட்டது. நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். "ஜாக்கிரதையா போ, பையில கை வச்சுக்கிட்டே இரு" என்றுதான் வந்தது. அவன் குனிந்து, அந்த வெயிலில், நடுத்தெருவில், என் காலைத் தொட்டான். நல்லபடியாக இரு என்று தலையில் கை வைக்க வேண்டும். கல்யாணத்தன்று மணவறையில் வைக்க முடியாத கை அது. வைத்தேன். வெட்கத்தில், அவன் நிமிர்வதற்குள் கையை எடுத்துக்கொண்டேன்.